பதறாத கைக்கு உடையாத போல்ட்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனுக்கு ஓய்வு, எஞ்சினுக்கு ஆபரேஷன். இந்த முறை தபால் பை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. துருப்பிடித்த கேள்விகளுக்கே முன்னுரிமை!

விசைப்படகு உரிமையாளர், காசிமேடு
பழைய டீசல் எஞ்சினைப் பிரிக்கப் போகிறோம். முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி எது?

கேமரா. அடுத்து மார்க்கர் பேனா, அதற்கடுத்து ஒரு கட்டு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு குழாயையும் ஒயரையும் கழற்றுமுன் படமெடுங்கள். பையின் மேல் 'ஹெட், வலது பக்கம்' என்று எழுதிப் போல்ட்டை உள்ளே போடுங்கள். 'எல்லாம் ஞாபகம் இருக்கும்' என்று சொன்னவர்கள்தான், எஞ்சினை மாட்டி முடித்த பிறகு கையில் மூன்று போல்ட்டோடு நிற்கிறார்கள்.

கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்
லாரி எஞ்சினில் சுலபமாகக் கழலும் போல்ட், படகு எஞ்சினில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், இடையில் உப்புநீர். மூன்றும் கூடினால் மின்கலம் தயார். அதில் கரைகிற கட்சி அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, முன்பைவிட அதிக இடம் கேட்கிறது. மரைக்குள் ஏது இடம்? போல்ட்டை நெரிக்கிறது. இரும்புத் துருவும் இரும்பைவிடப் பல மடங்கு பருமன். லாரி மழையில் நனைகிறது. படகு எஞ்சின் கடலையே குடிக்கிறது!

மெக்கானிக், தூத்துக்குடி
கழலாத போல்ட்டுக்கு ஸ்பானரில் நீளமான குழாயைச் சொருகித் திருகலாமா?

கணக்குப் பார்ப்போம் அண்ணாச்சி. 6 மி.மீ. போல்ட்டை இறுக்க சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது 20 செ.மீ. ஸ்பானர் நுனியில் 5 கிலோ எடை. நீங்கள் 60 செ.மீ. குழாயில் 30 கிலோ பலம் போட்டால் அது 18 மடங்கு. போல்ட் கழலும், சந்தேகமே இல்லை. தலை உங்கள் கையில், உடம்பு எஞ்சினுக்குள்.

பயிற்சி மெக்கானிக், கடலூர்
இறுகிப்போன போல்ட்டை முதலில் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்கிறார் எங்கள் மேஸ்திரி. சரியா?

நூற்றுக்கு நூறு. இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அசைந்தால் துருவின் பிடி உடையும். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் திரும்ப உள்ளே, கொஞ்சம் எண்ணெய், திரும்ப வெளியே. ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் உடைந்த துரு மரையில் அரைபட்டு மறுபடி சிக்கும். மேஸ்திரியை விட்டுவிடாதீர்கள் தம்பி, அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமேஸ்வரம்
போல்ட் தலையில் சுத்தியலால் தட்டுகிறார்களே, கோபமா, காரணமா?

காரணம், ஐயா. துரு நொறுங்கும் சாதி. வளைந்து கொடுக்கத் தெரியாது. நேராக விழும் சின்னச் சின்ன அடிகளில் அது மரைக்குள்ளேயே விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக எண்ணெய் உள்ளே போகும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றவர்கள் சின்ன அடியைத்தான் சொன்னார்கள். ஒரே அடியாக அடித்தால் அம்மி உடையும்.

ஃபைபர் படகுக்காரர், குளச்சல்
டபிள்யூ.டி-40 அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தும் போல்ட் அசையவில்லை. ஸ்பிரே போலியா?

ஸ்பிரேயைக் குற்றம் சொல்லாதீர்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் பிறந்த சரக்கு அது. அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் துரு ஏறாமல் ஈரத்தை விரட்டுவது அதன் முதல் உத்தியோகம். கெட்டித்துப்போன மரைக்குள் இறங்க, ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பத்து நிமிடமும் போதாது. காலையில் ஊற்று, தட்டு. மாலையில் ஊற்று, தட்டு. நாள்கணக்கில் செய்யுங்கள். மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூலை 31 வரை இருக்கிறது, அவசரம் என்ன?

பட்டறை உரிமையாளர், புதுச்சேரி
கடை எண்ணெய் இல்லாவிட்டால் நாமே கலக்க முடியுமா?

முடியும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பாதி, அசிட்டோன் பாதி. அசிட்டோன் எண்ணெயை நீர்க்கவைத்து இடுக்கில் இறக்கிவிட்டு ஆவியாகிவிடும்; எண்ணெய் உள்ளே தங்கும். இரண்டும் நன்றாகக் கலக்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்றுங்கள். அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும். புதுச்சேரி வெயிலில் பீடியோடு பக்கத்தில் போகாதீர்கள்.

பள்ளி மாணவன், காரைக்கால்
கோலா ஊற்றினால் துரு கரையுமாமே?

அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை. இருக்கும் அளவு சொற்பம் என்பதும் உண்மை. சர்க்கரையோ தாராளம். மேலாக உள்ள துருவைக் கொஞ்சம் சுரண்டும், ஆழத்தில் உள்ளதைத் தொடாது. போல்ட் கழலுமுன் எறும்பு வரும்.

லேத்துப் பட்டறைக்காரர், சிதம்பரம்
சூடு காட்டினால் போல்ட்டும்தானே விரியும்? பிறகு எப்படிக் கழலும்?

சூட்டைப் போல்ட்டுக்குக் காட்டாதீர்கள், அதைச் சுற்றியிருக்கும் உலோகத்துக்குக் காட்டுங்கள். ஊறுகாய் பாட்டிலின் மூடியை மட்டும் வெந்நீரில் பிடிக்கும் அதே யுக்தி. 12 மி.மீ. எஃகுத் துளை 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.03 மி.மீ. விரியும், துருவின் கழுத்தை முறிக்க அது தாராளம். அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆனால் எச்சரிக்கை: எஃகு சிவந்து காட்டும், அலுமினியம் காட்டாது. 660 டிகிரிக்குள் நிறம் மாறாமலே உருகிக் காலில் விழும்.

மின்பணியாளர், மண்டபம்
போல்ட்டுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாராம் ஒரு மெக்கானிக். பிரார்த்தனையா?

பௌதிகம்! போல்ட்டைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கி, நெருப்பை நகர்த்திவிட்டு, மெழுகுவத்தியை மரை தெரியும் இடத்தில் தேய்க்கிறார். உருகிய மெழுகு தண்ணீராகி நுண்துளைகள் வழியே உள்ளே ஏறுகிறது, மசகாகிறது. பத்து ரூபாய்ச் செலவில் பல ஆயிரம் ரூபாய் பிளாக் பிழைக்கும். வேண்டிக்கொண்டே தேய்த்தாலும் தப்பில்லை.

படகு ஓட்டுநர், பழவேற்காடு
எஞ்சினைப் படகிலிருந்து இறக்காமல் உள்ளேயே கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடேற்றலாமா?

வேண்டாம். பெட்ரோல் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை. படகின் அடிவயிற்றில் இறங்கிப் படுத்துக்கொள்ளும், மேலே வாசனைகூடத் தெரியாது. ஒரு பொறி போதும். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், பாஸ்ஜீன் பிறக்கும். முதல் உலகப் போரில் ஆள் கொல்லப் பயன்பட்ட விஷவாயு அது. எஞ்சினை இறக்க ஆகும் கூலி, உயிரின் விலையைவிட மலிவு.

மீனவர், பருத்தித்துறை
அவுட்போர்டு எஞ்சின் கடலில் விழுந்து மூழ்கிவிட்டது. தூக்கியதும் வெயிலில் காயவைக்கலாமா?

அதைவிடத் தண்ணீரிலேயே விட்டிருக்கலாம்! உப்பும் காற்றும் சேரும்போதுதான் துரு ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கிறது. தூக்கியவுடன் நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி, அன்றைக்கே ஓடவிடப் பாருங்கள். மெக்கானிக் நாளைதான் வருவாரா? அதுவரை நன்னீர்த் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். எண்ணெய் படாமல் கரையில் காயும் எஞ்சினுக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஆயுள் குறைகிறது.

பழைய எஞ்சின் வாங்கியவர், கன்னியாகுமரி
பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுச் சுற்றிப் பார்க்கட்டுமா?

பார்த்தால் ஸ்டார்ட்டர் கருகும், அல்லது கனெக்டிங் ராடு வளையும். பிளக் அல்லது இன்ஜெக்டர் துளை வழியே ஊடுருவும் எண்ணெயை நிரப்பி நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைந்தால் பாதி ஜெயித்தாயிற்று. ஹெட்டைக் கழற்றிவிட்டால், பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்து அதன் மேல் தட்டுங்கள். இரும்பால் பிஸ்டனை அடித்தவர் புது பிஸ்டன் வாங்குவார்.

அதே வாசகர்
எல்லாம் செய்தாயிற்று. அசையவே இல்லை!

கிரீஸ் கன்னைக் கூப்பிடுங்கள். பிளக் துளைக்கு ஒரு நிப்பிள் பொருத்தி, உள்ளே காற்றே இல்லாமல் கிரீஸ் நிரப்பி அழுத்துங்கள். 80 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 100 கிலோ அழுத்தம் தந்தால் மொத்தம் 5 டன், அதுவும் பிஸ்டன் தலை முழுக்கச் சமமாக. வால்வுகள் மூடியிருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் துவாரங்களை மறைத்து நிற்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் இதைச் செய்யாதீர்கள். அமுக்கப்பட்ட காற்று வெடித்துச் சிதறும், கிரீஸ் வழியும். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிக்கு இன்றும் கூலி கிடையாது.

பட்டறை உதவியாளர், வேதாரண்யம்
போல்ட் எல்லாம் கழற்றியாயிற்று, சிலிண்டர் ஹெட் மட்டும் எழும்பவில்லை. உளி வைத்து நெம்பலாமா?

உளி பட்ட இடத்தில் அப்புறம் கேஸ்கட் உட்காராது. பெட்ரோல் எஞ்சினானால் கயிறு எடுங்கள். பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிளக் துளை வழியே மெல்லிய நூல்கயிற்றை உள்ளே திணியுங்கள். ஒரு முனை வெளியே இருக்கட்டும். இரண்டு வால்வும் மூடிய நிலையில், ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் கயிற்றை அழுத்த, கயிறு ஹெட்டைத் தூக்கும். எஞ்சினின் தலையை எஞ்சினே தூக்கித் தருகிறது!

மெக்கானிக், நாகர்கோவில்
ஸ்டட் உடைந்து துளைக்குள் நிற்கிறது. பிடிக்கத் தலையில்லை.

தலை இல்லாவிட்டால் தலை வையுங்கள். உடைந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவில் வெல்டிங் நிரப்புங்கள். பிடியும் கிடைத்தது, வெல்டிங் சூடு துருவையும் உலுக்கிவிட்டது. ஆறிய பிறகு முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள். துளையிட்டே ஆக வேண்டுமென்றால் இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் வாங்குங்கள். துளை போடும்போதே சில நேரம் ஸ்டட் தானாகக் கழன்று பிட்டோடு வந்துவிடும். அதுதான் ஒரு மெக்கானிக் கேட்கக்கூடிய மிக இனிமையான சத்தம்.

அனுபவம் போதாதவர், விழுப்புரம்
உடைந்த போல்ட்டை எடுக்க ஈஸி-அவுட் விட்டேன். அதுவும் உள்ளே உடைந்துவிட்டது. இனி?

ஈஸி-அவுட் கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். டிரில்லைக் கீழே வையுங்கள். ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் இருக்கும் பட்டறையைத் தேடுங்கள். 1943-இல் சோவியத் விஞ்ஞானிகளான லசரென்கோ தம்பதி கண்டுபிடித்த முறை. உலோகத்தைத் தொடாமல் மின்பொறியால் துளித்துளியாக அரிக்கும், எவ்வளவு கடினமான எஃகானாலும். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்று சேர்ந்தால் உடையாதது உண்டா!

இல்லத்தரசி, மயிலாடுதுறை
என் கணவர் கார்புரேட்டரோடு சமையலறைக்கு வந்து படிகாரம் கேட்கிறார். திருஷ்டியா?

கொடுங்கள் அம்மா, விஷயம் தெரிந்தவர். பித்தளையிலோ அலுமினியத்திலோ எஃகுத் திருகு உடைந்து நின்றால், சூடான படிகாரக் கரைசலில் போட்டு வைப்பார்கள். எஃகு மெல்ல மெல்லக் கரையும், பித்தளை அப்படியே இருக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் பழைய வித்தை. ஸ்டெயின்லெஸ் திருகிடம் இது பலிக்காது. பாத்திரம் மட்டும் உங்கள் குழம்புச் சட்டியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு கட்டும் ஆசாரி, கடலூர்
ஷாஃப்டில் இறுகிய புரொப்பல்லரைக் கழற்றும் வழி?

இதழில் ஒரு அடிகூட விழக்கூடாது. ஷாஃப்டின் முனை கூம்பு வடிவம். புரொப்பல்லர் அதில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் நிற்கவிடுங்கள். புல்லரை மாட்டி இறுக்கி, நடுத்தண்டைச் சுற்றிச் சூடு காட்டி, புல்லர் திருகின் தலையில் ஒரு தட்டு. 'டப்' என்று விடும். நட்டைக் கழற்றியவர்கள் அந்த 'டப்'பில் பித்தளையைக் காலில் வாங்கியிருக்கிறார்கள்.

டீசல் மெக்கானிக், சென்னை
தேய்ந்த சிலிண்டர் லைனர் புல்லருக்கும் அசையவில்லை.

எப்படியும் தூக்கிப் போடும் லைனர்தானே? உள்சுவரில் மேலிருந்து கீழாக வெல்டிங் கோடுகள் இழுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், லைனரையும் உள்ளே இழுக்கும், பிடி தளரும். புல்லரை மறுபடி மாட்டுங்கள். சூடான பிளாக்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு அந்த அவமானத்தைத் தாங்காது, வெடித்துவிடும்.

வேதியியல் மாணவர், திருச்சி
துருவை மின்சாரத்தால் நீக்க முடியுமா?

முடியும். பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர். துருப்பிடித்த இரும்பு நெகட்டிவ் முனையில். பழைய இரும்புத் தகடு பாசிட்டிவில். தகடாக ஸ்டெயின்லெஸ் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியப் பாகத்தை உள்ளே போடக்கூடாது, சோடா தின்றுவிடும். வெளிவருவது ஹைட்ரஜன், திறந்த வெளியில் செய்யுங்கள். 1862 டிசம்பர் 31-இல் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் மானிட்டரின் நீராவி எஞ்சினை 2001-இல் தூக்கி, நியூபோர்ட் நியூஸ் அருங்காட்சியகத்தில் இதே தத்துவத்தில்தான் பக்குவம் பார்க்கிறார்கள்.

புத்தகப் பிரியர், மதுரை
கடலுக்கடியில் கிடந்த எஞ்சின் எதுவாவது மறுபடி சுற்றியிருக்கிறதா?

சுற்றியிருக்கிறது! 'சாந்தோ' என்ற நீராவிக் கப்பல் 1872-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் கிரிகரி அருகே மூழ்கியது. லண்டன் கிரீனிச்சில் ஜான் பென் நிறுவனம் 1861-இல் செய்த எஞ்சின் அதில். 113 ஆண்டு கழித்து, 1985-இல் வெளியே எடுத்தார்கள். கல்லாய் இறுகிய படிவத்தை நீக்கி, உப்பை வெளியேற்றி, பாகம் பாகமாகப் பிரித்து, மறுபடி கோத்தார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. இன்று ஃப்ரிமேன்டில் அருங்காட்சியகத்தில் கையால் சுற்றினால் சுற்றுகிறது. தங்கள் போல்ட் இரண்டு நாளாகக் கழலவில்லை என்று புலம்புவோர் கவனிக்க.

டிப்ளமோ மாணவர், அம்பத்தூர்
முக்கால் அங்குல நட்டுக்கு 19 மி.மீ. ஸ்பானர் போடலாமா?

போடலாம், முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.தான். அரை அங்குலத்துக்கு 13 போடாதீர்கள், அது 12.7, ஸ்பானர் வழுக்கி முனை மழுங்கும். பழைய பிரிட்டிஷ் எஞ்சினில் 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அளவு இருக்கலாம்; மரையின் கோணம்கூட 55 டிகிரி, இன்றைய 60 அதற்குள் இறங்காது. சாக்கெட் வாங்கினால் ஆறு முனை வாங்குங்கள். பன்னிரண்டு முனை இறுகிய நட்டின் காதைக் கடித்துவிடும்.

விசைப்படகு மெக்கானிக், மல்லிப்பட்டினம்
போல்ட் வந்துவிட்டது, மரை கழண்டுவிட்டது!

பிளாக்கில்தானே? நல்லவேளை. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளை உள்ளே இறக்குங்கள். பழைய அளவு போல்ட்டே அதில் ஏறும். அலுமினியத்தில் இந்த எஃகு மரை, முன்பிருந்ததைவிட உறுதி. மனிதர்களுக்கு இப்படி ஒரு சுருள் இன்னும் வரவில்லை.

வரலாற்று ஆர்வலர், தஞ்சாவூர்
கடல் எஞ்சினில் துத்தநாகக் கட்டி எதற்கு?

மற்ற உலோகங்களுக்காகத் தான் கரைவதற்கு. 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பூட்டினார். செம்பு பிழைத்தது, கூடவே சிப்பியும் பாசியும் பிழைத்து அடியில் அப்பிக்கொண்டன. செம்பு கரைந்தபோது அதன் நஞ்சுதான் அவற்றை விரட்டியிருந்தது! எஞ்சினில் அந்தச் சிக்கல் இல்லை. கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால் தியாகி தூங்கிவிடுவார்.

மீனவர் சங்கத்துக்காரர், நாகூர்
திருப்பி மாட்டும்போது, அடுத்த முறை சிக்காமலிருக்க என்ன செய்ய?

மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கடல் எஞ்சினுக்கான ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். அலுமினியத்தில் செம்பு கலந்த பசை வேண்டாம். சண்டைக்கு இன்னொரு உலோகத்தைக் கூட்டிவந்ததாகும். பசை தடவிய மரை எளிதாக வழுக்கும், ஆகவே வழக்கத்தைவிடக் குறைவாக இறுக்குங்கள். கடலிலிருந்து வந்ததும் அவுட்போர்டை நன்னீரில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். தடைக்காலத்தில் செய்யும் வைத்தியத்தைவிட, தினமும் இரண்டு வாளித் தண்ணீர் மலிவு.

படகுக்காரரின் மகள், தரங்கம்பாடி
இவ்வளவு பாடுபட்டுப் பழைய எஞ்சினைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? புதிது வாங்கினால் என்ன?

பிளாக் விரிசல் விட்டிருந்தால், கிராங்க் ஷாஃப்ட் அளவு மீறித் தேய்ந்திருந்தால், உதிரிபாகமே கிடைக்காவிட்டால், கைகூப்பி வழியனுப்புங்கள். மற்றபடி கனமான பழைய வார்ப்பிரும்பு பல தலைமுறைக்குத் தாங்கும். பெரும்பாலும் எஞ்சினைக் கொல்வது வயது அல்ல, அவசரக் கை. சூடு, எண்ணெய், சின்ன அடி, காத்திருப்பு: நான்கையும் இந்தத் தடைக்காலத்தில் ஒரு போல்ட்டுக்காவது முறையாகக் கொடுத்துப் பாருங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: நீளக் குழாயை இப்போதே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வரட்டும்!